அரண்மனை அக்காவும் அலமாரி மாறிய இளவரசியும்

கடையின் ஷட்டரை ஏற்றியதும் அரசரின் கால்சட்டையைக் கழற்றுவதுதான் அக்காவுக்கு முதல் வேலை. அதை நீராவிக் குழாயின் முன்னால் பிடித்து, மடிப்பு கத்தி போல நிற்கும்வரை இழுத்துவிட்டு, பிறகுதான் மறுபடி மாட்டுகிறார். அதுவரை அரசர் மார்பு நிறையப் பதக்கங்களும் வெறுங்காலுமாகக் கல்லாவின் மேல் மல்லாந்து கிடக்கிறார். "பெரியவரே, கொஞ்சம் பொறுங்க. உங்க மானம் என் கையில" என்று அவருக்கு ஆறுதலும் சொல்லப்படுகிறது. அந்த நேரத்தில் சட்டை வாங்க வருபவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். ராஜா உடுத்தி முடிக்காமல் குடிமக்களுக்குத் துணி கிடைக்காது.

மருந்துக்கடைக்கும் அழகு நிலையத்துக்கும் நடுவே ஒடுங்கி நிற்கும் டிரை கிளீனிங் கடை அது. பெயர்ப்பலகையில் வேறு ஏதோ எழுதியிருக்கிறது. யாரும் படித்ததாகத் தெரியவில்லை. தெருவுக்கே அது அரண்மனை. நடத்துபவர் அரண்மனை அக்கா. குட்டையான உருவம், நெற்றிக்கு ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி, காலரில் வரிசையாகக் குத்திய குண்டூசிகள். அக்காவைக் கட்டிப்பிடிக்க நினைப்பவர்கள் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பார்கள். உள்ளே நீராவி மெஷினில் துணி தேய்க்கும் அவருடைய கணவரை எல்லோரும் மாமா என்றே கூப்பிடுகிறோம். மாமா அதிகம் பேசமாட்டார். பேச வேண்டிய இடம் வந்தால் மெஷினின் மிதியை அழுத்திவிடுவார். அவர் சார்பில் அது 'புஸ்ஸ்' என்று பதில் சொல்லிவிடும்.

எங்கோ தொலைவில், இன்னமும் ராஜா ராணி வைத்துக்கொண்டிருக்கும் ஒரு நாடு. அந்த அரச குடும்பத்தில் கல்யாணம், குழந்தை, முடிசூட்டு என்று எது நடந்தாலும் ஒரு கம்பெனி உடனே அதற்குப் பொம்மை போட்டுவிடுகிறது. பீங்கான் முகம், எண்ணிவிடலாம் போன்ற இமைமயிர், முழங்கை உயரம். சேகரிப்பதில் தீவிரமாக இருப்பவர்கள் அந்தப் பொம்மைகளைப் பெட்டியைவிட்டே எடுப்பதில்லையாம். அக்காவோ தபால் வந்த அன்றைக்கே பெட்டியைக் குப்பையில் போட்டுவிடுவார். "பொட்டிக்குள்ளயே வெக்கிறதுக்கு அவங்க என்ன செருப்பா?"

இப்படியாக அரசர், அரசி, அரசரின் விதவைச் சித்தி, இரண்டு இளவரசர்கள், மூத்தவனின் மனைவி, யாருக்கும் பிடிக்காத ஒரு பிரபு எல்லோரும் கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி அலமாரியில் குடியிருக்கிறார்கள். பட்டப்பெயரெல்லாம் அக்காவிடம் செல்லாது. அரசர் 'பெரியவர்'. அரசி 'மாமியார்க்காரி'. பட்டத்து இளவரசன் 'மூத்தவன்'. அவன் மனைவி 'மருமக'. ஒருமுறை நீராவி அதிகமாகி அரசரின் மீசை கழன்று விழுந்தது. பசை போட்டு ஒட்டியதில் இடப்பக்கம் கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. அன்றிலிருந்து அரசர், யாரோ கிழிந்த நோட்டைத் தள்ளிவிட்டுப் போன மாதிரியே பார்க்கிறார். அக்கா அதைச் சரிசெய்யவில்லை. "கல்லாவுக்குப் பக்கத்துல இப்படி ஒரு மூஞ்சி இருக்கிறது நல்லதுதான்."

துணியைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் திரும்பிப் பார்க்காதவர்களைத் தண்டிக்கும் அதிகாரமும் அரச குடும்பத்திடமே இருக்கிறது. வங்கி மேலாளர் ஒருவர் தன் கழுத்து டையை மறந்தேவிட்டார். ஒருநாள் வந்து பார்த்தால், அது நடுவில் மடிக்கப்பட்டு, பிரபுவின் தோளில் குறுக்காகத் தொங்குகிறது. அதன்மேல் ஒரு பதக்கம் வேறு.

"அது என்னோடதுங்க" என்றார் மேலாளர்.

"இருக்கலாம். ஆனா அவருக்கு அதைப் போட்டு விழாவெல்லாம் நடத்தியாச்சே. இப்ப எப்படிப் பிடுங்குறது? நீங்களே கேட்டுப் பாருங்க."

படித்த மனிதர், வரிசையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பொம்மையிடம் "கொஞ்சம் குடுத்துடுங்க சார்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அதன்பிறகு அவருடைய துணி ஒருநாள்கூடக் கடையில் தங்கியதில்லை.

பூனை வளர்க்கலாம், செடி வளர்க்கலாம், எதற்கு ராஜா ராணி என்று ஒருநாள் கேட்டேன். அக்கா பித்தான் தைத்த நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே சொன்னார்: "நம்ம சொந்தக்காரங்க மாதிரியே எப்பப் பாரு சண்டை போட்டுக்கிறாங்க. ஆனா நம்ம வீட்டுல வந்து தங்க மாட்டாங்க."

உள்ளே மெஷின் 'புஸ்ஸ்' என்றது.

அந்தச் சண்டைதான் போன மழைக்காலத்தில் தெருவையே இரண்டாக்கியது. அழகு நிலையம் நடத்தும் பெண், ஒரு கையில் சீப்பும் மறு கையில் கைபேசியுமாக ஓடிவந்தாள். "அக்கா, உங்க மருமக அரண்மனையை விட்டுப் போயிட்டாங்க! மூச்சு முட்டுதுன்னு பேட்டி குடுத்திருக்காங்க!" நிஜமான இளவரசியைத்தான் சொன்னாள். அக்கா கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கி, செய்தியை முழுக்கப் படித்தார். பிறகு அலமாரியைத் திறந்தார். மூத்தவனின் பக்கத்தில் நின்ற மருமகளை இடுப்பைப் பிடித்துத் தூக்கி, எதிர்ச்சுவரில் நூல்கண்டுகள் இருக்கும் அலமாரியில், ஜன்னல் பக்கமாக வைத்தார். "இங்க காத்து வரும்."

மருந்துக்கடைக்காரருக்கு அது பொறுக்கவில்லை. தலைவலி மாத்திரையை விட்டுவிட்டுப் பஞ்சாயத்துக்கு வந்துவிட்டார். "என்னங்க இது? குடும்பம்னா நாலும் இருக்கும். கொஞ்சம் அனுசரிச்சுப் போகக்கூடாதா?"

"நீங்க அந்த மாமியார்க்காரிகூட ஒரு வாரம் இருந்துட்டு வந்து சொல்லுங்க."

"அந்தப் பையன் பாவம் இல்லையா?"

"பாவம்தான். அதான் கையில டோக்கன் குடுத்து வெச்சிருக்கேன். வரிசையில நிக்கட்டும்." உண்மைதான். மூத்தவனின் மடங்கிய விரல்களுக்கிடையில் சலவைக்கடை டோக்கன் ஒன்று செருகப்பட்டிருந்தது.

அடுத்து உடைக்கு வந்தார் அக்கா. மூன்று முழம் பின்னால் இழுபடும் கல்யாண அங்கியோடு யாரும் புதுவாழ்க்கை தொடங்க முடியாது. யாரோ விட்டுப்போன கோட்டின் உள்துணியில் மருமகளுக்கு ஒரு கால்சட்டை தைத்தார். அங்கியை வெட்டி, உடை போட்டுப் பார்க்கும் மூலைக்குத் திரை போட்டார். "சும்மா உக்காந்துட்டு இருக்கப் போறாளா? வேலைக்குப் போவா."

இந்த நிலையில்தான் வெள்ளைக் கையுறை போட்ட மனிதர் ஒருவர் வந்து சேர்ந்தார். அரச குடும்பத்துப் பொம்மைகளை வாங்கி விற்பவர். செய்தி வந்ததும் அந்தத் தம்பதிப் பொம்மைக்குக் கிராக்கி ஏறிவிட்டதாம். அலமாரியை நோட்டம் விட்டவரின் கண், கால்சட்டை போட்ட மருமகளிடம் வந்து நின்றது. பிறகு திரையிடம் போனது. திரையின் ஓரத்தில் முத்து வைத்துத் தைத்த சரிகையை அடையாளம் கண்டுகொண்டார். "ஐயையோ" என்று அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அக்கா தண்ணீர் கொடுத்தார்.

தண்ணீர் குடித்துத் தெளிந்தவர் மெதுவாகக் கெஞ்சினார். "பரவாயில்லம்மா. அந்தத் துணியைப் பிரிச்சு மறுபடி தைச்சுக்கலாம். பொட்டி இல்லாட்டியும் போகுது. ரெண்டு பேரையும் சேர்த்து நிக்க வெச்சுக் குடுங்க, போதும். ஜோடியா இருந்தாத்தான் மதிப்பு."

"யாருக்கு மதிப்பு? அவளுக்கா, உங்களுக்கா?"

மாமா அன்றைக்கு மெஷினைத் தொடவே இல்லை. அவர் மனத்தில் நல்ல தொகை ஒன்று ஓடியிருக்க வேண்டும். "வந்துட்டு வெறுங்கையோட போகாதீங்க" என்று அக்கா பெரிய மனது பண்ணி, பிரபுவைத் தூக்கி நீட்டினார். கையுறைக்காரருக்கும் பிரபுவைப் பிடிக்கவில்லை.

"யாருக்கு மதிப்பு?" என்ற கேள்வி அன்று மாலைக்குள் தெரு முழுக்கச் சுற்றிவிட்டது. அழகு நிலையத்தில் அதைச் சொல்லாமல் யாருக்கும் முடி வெட்டப்படவில்லை. அப்படி முடி வெட்டிக்கொண்டவர்களில் அக்காவின் தங்கையும் ஒருத்தி.

தங்கை ஒருத்தி இருப்பதே எனக்கு மாமா சொல்லித்தான் தெரியும். அதுவும் மெஷின் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு சொன்னது. பல வருஷங்களுக்கு முன் அவள் புருஷன் வீட்டிலிருந்து ஒரு சூட்கேஸோடு கிளம்பி அக்காவிடம் வந்தாள். அக்கா காபி கொடுத்தார், புத்தி சொன்னார், அன்று சாயங்காலமே டாக்ஸி பிடித்து அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார். டாக்ஸி அந்த வீட்டுக்குப் போகவில்லை. தங்கை பாதி வழியில் இறங்கிக்கொண்டு, அறை ஒன்று பிடித்து, வேலை தேடி, இப்போது நகரப் பேருந்து ஓட்டுகிறாள். இந்தத் தெரு வழியாகத்தான் தடம். கடை வாசலுக்கு வரும்போது மட்டும் ஹாரன் கொஞ்சம் நீளமாக அடிக்கும். தெருவில் எந்தச் சத்தம் கேட்டாலும் எட்டிப் பார்க்கும் அக்கா, அந்தச் சத்தத்துக்கு மட்டும் தலையைத் தூக்கியதில்லை. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

என் கோட்டை வாங்கப் போயிருந்த ஒரு மத்தியானம் அவள் கடைக்குள் வந்தாள். காக்கி உடுப்பு, புதிதாக வெட்டிய தலைமுடி, கையில் சுருட்டிய ஒரு மேல்சட்டை. அக்காவை அச்சில் வார்த்த மாதிரி அதே குட்டை உருவம். என்னைத் தாண்டி வந்து மேல்சட்டையைக் கல்லாவில் வைத்தாள்.

"கழுவித் தேய்க்கணும். எப்பக் கிடைக்கும்?"

அக்கா மேல்சட்டையைப் பிரித்தார். பையைத் துழாவினார். காலரை முகர்ந்துகூடப் பார்த்தார். வாடிக்கையாளரின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. "வெள்ளிக்கிழமை."

"டோக்கன்?"

"எதுக்கு டோக்கன்?"

"எல்லாருக்கும் குடுக்கிறீங்கள்ல? மூத்தவனுக்கே குடுத்திருக்கீங்களாமே."

அக்கா டோக்கனைத் தேடினார். எதிரிலேயே இருந்தது, கிடைக்கவில்லை. தங்கை அதற்குள் திரும்பி, நூல்கண்டு அலமாரியில் கால்சட்டையோடு நிற்கும் இளவரசியைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இவளா?"

"ம்."

"மூச்சு முட்டுச்சுன்னு சொன்னாளாம். உடனே ஜன்னல் பக்கம் எடம் போட்டுக் குடுத்தியாம்." குரல் ஒரு படி இறங்கியது. 'ங்க' போய்விட்டது. "நானும் அதையேதான்டி வந்து சொன்னேன். இதே வார்த்தை. நீ எனக்கு டாக்ஸி புடிச்சுக் குடுத்த."

'புஸ்ஸ்' என்று ஒரு சத்தத்துக்காக நான் காத்திருந்தேன். மாமா மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு அசையாமல் நின்றார். நான் என் கோட்டின் பித்தான்களை ஒவ்வொன்றாகப் பரிசோதிக்கத் தொடங்கினேன். அவை நன்றாகத்தான் இருந்தன.

"ஆமா" என்றார் அக்கா. "அனுசரிச்சுப் போன்னேன்."

"சொன்ன."

"நாலு பேர் என்ன சொல்லுவாங்கன்னேன்."

"அதையும் சொன்ன. பொம்மை நான். அவதான் பொண்ணு, இல்ல?"

வங்கி மேலாளரையும் கையுறைக்காரரையும் ஒரே வார்த்தையில் மடக்கிய அக்கா, காலரிலிருந்த குண்டூசி ஒன்றைப் பிடுங்கி, அதே இடத்தில் மறுபடி குத்திக்கொண்டார்.

"எனக்கு அப்பப் புத்தி இல்லடி."

"இப்ப மட்டும் எங்கேருந்து வந்துச்சாம்?"

அக்கா முதல்முறையாக நிமிர்ந்து தங்கையின் முகத்தைப் பார்த்தார்.

"தபால்ல. ரொம்ப லேட்டாத்தான் வந்து சேர்ந்துச்சு."

தங்கை உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. மூக்கு வழியாக வெடித்துக்கொண்டு வந்தது சிரிப்பு. சிரித்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தவள் போல, கண்ணைக் காக்கிக் கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, "சிரிச்சுட்டேங்கிறதுக்காக எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனைக்காத" என்றாள்.

"நெனைக்கலை."

"பஸ்ஸு வேற அங்க நிக்குது."

"நிக்கட்டும். இத்தனை நாள் ஹாரன் அடிச்சுட்டு ஓடுனதுக்கு ஒருநாள் நிக்கட்டும்."

கல்லாவின் வலது ஓரத்தில் உள்ளே போகும் வழியை மறிக்க ஒரு மடக்குப் பலகை உண்டு. தேக்கு, நல்ல கனம். அக்கா அதன்மேல் கிடந்த துணிமூட்டைகளை என் கைகளில் அள்ளித் திணித்தார். பலகையை இரண்டு கையாலும் தூக்கினார். குட்டை உருவம் ஆதலால் குதிகாலை உயர்த்தித் தன் தலைக்கு மேல் தாங்கிப் பிடித்துக்கொண்டு, தங்கை குனிந்து உள்ளே வரும்வரை அப்படியே நின்றார்.