பானெட்டில் ஆறு கட்டங்கள்

பெயர் பதிந்து ஏழு ஆண்டுகள் காத்திருந்த பிறகு எங்களுக்குக் கார் வந்தது. நான் வெள்ளை கேட்டிருந்தேன். கருநீலம் ஒதுக்கியிருந்தார்கள். மறுத்தால் இன்னொரு வருடம் ஆகும் என்றார்கள், வாங்கிக்கொண்டேன். கருநீலத்தின் குணம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. அதன் மேல் விழும் தூசி, துடைத்த துணியின் தடம், காக்கையின் எச்சம், எதுவும் மறைவதில்லை.

நான் வேலை பார்த்தது அரசுத் தொழிற்சாலை ஒன்றின் தரப் பரிசோதனைப் பிரிவில். இயந்திரங்களின் மேல்மூடிகளுக்கு அடித்த பெயின்ட் நிற்குமா, உரியுமா என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. பதினாறு வருடங்களாக அடுத்தவர் அடித்த பெயின்ட்டைச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவனுக்கு, சொந்தப் பெயின்ட் ஒன்று வீட்டு வாசலில் வந்து நின்றதும் சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் வீடு செகந்திராபாத் ஓரத்து லோத்குண்டாவில், ராணுவ நிலத்தின் வேலியை ஒட்டி இருந்தது. காலை ஆறு ஐம்பதுக்குக் கம்பெனி பஸ் தெருமுனையில் என்னை ஏற்றிக்கொண்டு, மாலை ஐந்து பத்துக்கு அதே இடத்தில் இறக்கிவிடும். ஆக, எனக்குக் கார் தேவையே இல்லை. தேவைப்பட்டது என் மனைவிக்கு. அவள் செகந்திராபாத்தில் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியை. எட்டு நாற்பத்தொன்றுக்கு மணி அடிக்கும். அதற்குப் பின் வருகிறவர்களின் கையெழுத்தைச் சுற்றித் தலைமையாசிரியை சிவப்பு மையில் வட்டம் போடுவார். பள்ளி திறந்த ஜூனிலிருந்து ஆகஸ்ட் முடிவதற்குள் மூன்று வட்டம் விழுந்தால் வேலை நிரந்தரமாகாது. இடம் வேறொருவருக்குப் போய்விடும். இரண்டு வருடமாகத் தற்காலிகத்தில் இருந்தவளுக்கு ஜூன் மாதமே முதல் வட்டம் விழுந்துவிட்டது. நிறுத்தத்தில் நிற்காமலே போய்விட்டது பஸ்.

"ஆகஸ்ட் முடியற வரைக்கும் கார்ல கொண்டு விடுங்க. அதுக்கப்புறம் நான் கேக்கமாட்டேன்" என்றாள்.

"முதல்ல பெயின்ட்டுக்கு எது நல்லதுன்னு பார்த்துடலாம். ஆறு வாரம்தான்" என்றேன்.

"ஆறு வாரத்துல ஆகஸ்டே முடிஞ்சிருமே."

நான் காலண்டரைப் பார்த்தேன். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

பாலிஷ் வாங்க ராணிகஞ்சுக்குப் போனேன். கார் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. முதல் கடைக்காரர் ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். இதில் மெழுகு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, எத்தனை நாள் தாங்கும், வெயிலில் மஞ்சளிக்குமா என்று கேட்டேன். நான்காவது கேள்வியில் அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்து என்னை நன்றாகப் பார்த்தார்.

"கைக்கு இத்னா சோச்ரே சாப்? காடி சலானேகூ லியே நா?"

ஏன் இவ்வளவு யோசிக்கிறீர்கள், வண்டியை ஓட்டத்தானே வாங்கினீர்கள் என்று பொருள். அதை வியாபாரிக்கே உரிய அவசரம் என்று எடுத்துக்கொண்டு, பாட்டிலை மட்டும் வாங்கி வந்தேன்.

அலுவலகத்தில் கேட்டபோது ஆளுக்கொன்று சொன்னார்கள். பக்கத்து மேஜைக்காரர், தன் மைத்துனர் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த தகர டப்பா மெழுகில் பாதியைக் கொடுத்தார். இன்னொருவர் மரச்சாமான் மெழுகே போதும் என்றார். மூன்றாமவர் நிறமில்லாத ஷூ பாலிஷ் என்று அடித்துச் சொன்னார். ஆனால் அவரிடம் கார் இல்லை. அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் இருந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர். முப்பது வருடம் ராணுவ லாரி ஓட்டியவர், ஓட்டக் கற்றும் கொடுத்தவர்.

"இதெல்லாம் நக்கோ, வேணாம் சார். கிருஷ்ணாயில்ல துணிய நனச்சு, ரெண்டு சொட்டு என்ஜின் ஆயில் உட்டுத் துடைங்க. நம்ம கான்வாய்ல இருபது வண்டியும் கண்ணாடி மாதிரி நிக்கும்" என்றார்.

"கிருஷ்ணாயில் பெயின்ட்டை மங்க வைக்காதா?"

"மங்கினா ஆர்மியில யார் சார் கேப்பாங்க? புதுசா அடிச்சிருவாங்க."

ஐந்து பொருட்கள் சேர்ந்தன. எங்கள் பிரிவில் ஒரு பொருளை ஒப்புக்கொள்ள, தனியான தகட்டுத் துண்டுகளில் பூசிப் பார்ப்போம். எனக்கு அந்த முறையில் எப்போதும் ஒரு குறை உண்டு: துண்டு வேறு, இயந்திரம் வேறு. அதனால் நேராகக் காரின் பானெட்டிலேயே சோதிக்கத் தீர்மானித்தேன். வேறு எவனாவது இதைச் செய்திருந்தால், அவன் பெயின்ட்டை அறியாதவன் என்று எண்ணியிருப்பேன். டேப் ஒட்டி ஆறு கட்டமாகப் பிரித்தேன். முதலாவதில் வளைகுடா மெழுகு, இரண்டாவதில் ராணிகஞ்ச் பாட்டில், மூன்றாவதில் சுபேதாரின் கலவை, நான்காவதில் மரச்சாமான் மெழுகு, ஐந்தாவதில் ஷூ பாலிஷ். ஆறாவதில் எதுவுமில்லை. எதுவும் பூசாத இடம் ஒன்று இருந்தால்தான் பூசிய இடம் என்ன ஆனது என்று தெரியும்.

தினமும் மாலை ஐந்து நாற்பதுக்கு, பேனாவுக்கு மை ஊற்றும் ஃபில்லரால் ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று சொட்டுத் தண்ணீர் விடுவேன். சொட்டு உருண்டு நின்றால் பூச்சு இருக்கிறது. பரவினால் போய்விட்டது. நோட்டில் எழுதுவேன். மற்ற நேரமெல்லாம் கார் உறையின் கீழ் அசையாமல் நிற்க வேண்டும்.

இரண்டாம் வாரம், அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, ஒருநாள் மட்டும் விதியைத் தளர்த்தினேன். லீவு போட்டு, நானே கொண்டு விடுவதாகச் சொன்னேன். ஏழரைக்கு அவள் குடையும் டிபன் பாக்ஸுமாக கேட்டில் வந்து நின்றாள். தூசியோடு வண்டியை எடுத்தால் காற்றிலேயே தூசி பெயின்ட்டைக் கீறும் என்பதால், நான் கழுவ ஆரம்பித்தேன். முதலில் வெறும் தண்ணீர், கூரையிலிருந்து கீழாக. பிறகு சோப்புத் தண்ணீர் ஒரு வாளி, அலச ஒரு வாளி. பானெட்டில் கட்டத்துக்கு ஒரு துணி. ஒன்றில் போட்டது மற்றதில் படக் கூடாது. கடைசியாக ஈரம் ஒற்ற மெல்லிய தோல்.

"என்னங்க, மணி எட்டு ஆவுது."

"இதோ, ஆறாவது கட்டம்தான்."

"அந்தக் கட்டத்துலதான் ஒண்ணுமே இல்லையே."

"அதனாலதான் அதை ரொம்ப ஜாக்கிரதையாத் துடைக்கணும்."

எட்டு நாற்பத்தெட்டுக்குப் பள்ளி வாசலில் அவளை இறக்கிவிட்டேன். அன்று கார் மிக அழகாக இருந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். மாலையில், "ரெண்டாவது வட்டம்" என்று மட்டும் சொன்னாள். பிறகு, "நாளையிலேர்ந்து நீங்க சிரமப்பட வேண்டாம், நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். அவள் குடும்பம் பாளையங்கோட்டையை விட்டு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. கோபம் வந்தால்தான் அந்த ஊர்ப் பேச்சு வெளியே வரும். இதை நான் அன்றே கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை, சோதனைக்கு இனி இடையூறு இராது என்று நிம்மதியாக இருந்தேன்.

மூன்றாம் வாரத்திலிருந்து நோட்டில் விசித்திரங்கள் தொடங்கின. ஒவ்வொரு கட்டத்திலும் வேறு வேறு விதமாக நின்ற சொட்டுகள், எல்லாக் கட்டத்திலும் ஒரே விதமாகப் பரவின. எதுவும் பூசாத ஆறாவது கட்டம் நாளுக்கு நாள் மினுமினுப்புக் கூடி வந்தது. பெயின்ட் தானாகத் தேறுவதை என் சர்வீஸில் பார்த்ததில்லை. ஃபில்லரை மாற்றினேன். தண்ணீரைக் காய்ச்சி ஆற்றிப் பார்த்தேன். எல்லாக் கட்டங்களும் மூன்றாம் கட்டத்தைப் போலவே நடந்துகொள்கின்றன என்று இறுதியில் கண்டுபிடித்து, சுபேதாரிடம் போய்ச் சொன்னேன்: "உங்க கலவை பக்கத்துக் கட்டத்துக்கெல்லாம் ஊர்ந்து பரவுது போல. நல்ல சக்தி."

அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "ஹவ், ஆமா சார். ஆர்மி சாமான்" என்றார்.

மீட்டரை ஏன் பார்க்கவில்லை என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். நிறுத்தி வைத்த வண்டியின் மீட்டரை யார் பார்ப்பார்கள்?

ஆகஸ்ட் பாதியில் ஒருநாள் தொழிற்சாலையில் மின்சாரம் போய், மதியமே எங்களை அனுப்பிவிட்டார்கள். மூன்றரைக்கு வீடு வந்தேன். வாசல் காலியாக இருந்தது. கார் திருட்டுப் போய்விட்டது என்று ஸ்டேஷனுக்கு ஓடப் பார்த்தபோது, சிமென்ட் மேடையில் கார் உறை இருப்பதைக் கண்டேன். நான் மடிக்கும் அதே முறையில், எட்டாக, விளிம்பு உள்ளே போக மடித்திருந்தது. எந்தத் திருடனும் அவ்வளவு மரியாதை காட்டமாட்டான்.

நாலு மணிக்குக் கார் வந்தது. முன்னால் சிவப்பு 'எல்' அட்டை கட்டியிருந்தது. ஓட்டி வந்தவள் என் மனைவி. பக்கத்தில் சுபேதார். அவள் இறங்கி, முழங்கால் வரை சேலையைச் செருகிக்கொண்டு, வாசலோரம் இருந்த வாளியை எடுத்தாள். என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள்.

"எத்தனை நாளா?" என்றேன்.

"ரெண்டாவது வட்டம் விழுந்த மறுநாளிலேர்ந்து. மொதல்ல கொஞ்ச நாள் அண்ணன் ஓட்டிச் சொல்லிக்குடுத்தாரு. இப்ப காலையில கூட வந்து, என்னைய இறக்கிட்டு வண்டியக் கொண்டாந்துடுவாரு. சாயங்காலமும் வருவாரு."

"பானெட்?"

"செம்மண் படிஞ்சிருக்கும்லா. நான் துணி சோப்புப் பவுடர் போட்டுக் கழுவுவேன். அண்ணன் அவரு துணியால ஒரு தடவை துடைப்பாரு."

"ஆறு கட்டத்தையுமா?"

சுபேதார் தொண்டையைச் செருமினார். "ஒரே பானெட்தானே சார். கோடு தெரியாம நல்லா இருக்கட்டும்னு."

ஒரு மாத நோட்டு என் கையில் இருந்தது. அதில் மூன்றாம் வாரத்திலிருந்து நான் எழுதியிருந்தது முழுக்கத் துணி சோப்பும் கிருஷ்ணாயிலும்தான். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீங்க ஒத்துக்கிடுவியளா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல." வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனவள், அங்கிருந்தே சொன்னாள்: "அதுக்கப்புறம் ஒரு வட்டம் விழல. இன்னும் பத்து வேலைநாள் இருக்கு. நான் நிறுத்தமாட்டேன்."

மறுநாள் மாலை ஐந்து நாற்பதுக்குப் பழக்கத்தில் ஃபில்லரோடு வெளியே வந்து, சொட்டு விடாமலே உள்ளே போனேன்.

ஆகஸ்டின் கடைசி வேலைநாள். விடியற்காலையிலிருந்து மழை. ஆறு மணிக்கு சுபேதாருக்கு வேலூரிலிருந்து தந்தி வந்தது. அவருடைய அண்ணனுக்கு உடல்நிலை மோசம். அவர் பெட்டியோடு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டார். 'எல்' அட்டை வண்டியில் லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். தெருவில் லைசென்ஸ் உள்ள இன்னொரு ஆள் நான்தான். ஆறு நாற்பத்தைந்துக்கு நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"இந்த மழையில பஸ்ஸ நம்ப முடியாது" என்றாள்.

"நானே ஓட்டுறேன்."

"நீங்க ஓட்டினா பத்து மணிக்குப் போய்ச் சேருவோம். நீங்க உக்காருங்க."

கம்பெனி பஸ் தெருமுனையில் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. அவள் வழக்கமாகக் கிளம்பும் எட்டேகாலுக்கு நான் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தேன். கழுவாத வண்டியில் நான் ஏறியது அதுவே முதல் தடவை. அவள் நன்றாகவே ஓட்டினாள். திருமலகிரி தாண்டியதும் எதிரே ராணுவ லாரிகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றும் சாலைப் பள்ளத்திலிருந்த செம்மண் தண்ணீரை அப்படியே எங்கள் மேல் வாரி இறைத்தது. பானெட்டில் கட்டமோ நீலமோ தெரியவில்லை. அவள் வைப்பரைப் போட்டாள், வேகத்தைக் குறைக்கவில்லை. கார்கானா கடைத்தெருவில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே நின்றபோது நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு முப்பத்திரண்டு. "வலது பக்கம் இடமிருக்கு, போ" என்றேன். அவள் போனாள். கதவோரம் எதிலோ உரசும் சத்தம் கேட்டது. நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டு முப்பத்தேழுக்குப் பள்ளி வாசல். சாவியை என்னிடம் போட்டுவிட்டு அவள் ஓடினாள். மணி அடிக்கும்வரை நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். அடித்தது, அவள் உள்ளே இருந்தாள். அடுத்த வாரம் நிரந்தர உத்தரவு கிடைத்தது.

அங்கிருந்து நகரின் மறுகோடிக்கு ஓட்டிக்கொண்டு தொழிற்சாலை வாசலை அடைந்தபோது பத்து இருபது. பதினாறு வருடத்தில் முதல் தாமதம். நேர அலுவலகத்து குமாஸ்தா, தெலுங்குக்காரர், எனக்குப் பழக்கமானவர், தாமதப் படிவத்தை நீட்டினார். காரணம் என்ற இடத்தில், மனைவி பணிக்குச் சரியான நேரத்தில் போக வேண்டியிருந்தது என்று எழுதினேன்.

அவர் இரண்டு முறை படித்தார். "இது செல்லாது சார். உடம்பு சரியில்லை, பஸ் கோளாறு, வீட்டில் சாவு. மூணுதான் இருக்கு. எது போடட்டும்?"

ஜன்னலுக்கு வெளியே கார் சேற்றுக் கட்டி மாதிரி நின்றது. அவரும் அதைப் பார்த்துவிட்டு, "கார் உங்களுதா சார்?" என்றார்.

"வீட்டம்மாவுது" என்றேன். "பஸ் கோளாறுன்னு போட்டுக்குங்க."