நேரத்துக்கு வராத சேதி

எம். புதுப்பட்டி நூலகத்தின் பின்னறைச் சுவரில் ஒரு சார்ட் தாள் ஒட்டியிருக்கிறது. மோசமான கதையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சண்முகத்தாய் தன் கையால் எழுதியது. எல்லாம் கனவு என்று முடிவது. நாயகி அழும்போது மழை பெய்வது. இருமினால் கைக்குட்டையில் ரத்தம். கொடுமைக்காரர் கடைசிப் பக்கத்தில் திருந்துவது. ஐந்தாவது, நேரத்துக்கு வராத சேதி. அதற்குப் பக்கத்தில் மட்டும் ஒரு குறிப்பு: 'எல்லார் கையிலும் போன் இருக்கிறது. இது எழுதுகிறவரின் சோம்பல்.'

சண்முகத்தாய்க்கு நாற்பது வயது. பதினோரு வருடமாகப் பட்டாசு கம்பெனியில் வெடிக்குத் திரி வைக்கிறாள். எட்டாவதோடு படிப்பு நின்றது. நூலகத்தின் கதைப் புத்தகங்களை முடித்துவிட்டு இரண்டாம் சுற்றில் இருக்கிறாள். எங்கள் ஞாயிறு வாசகர் வட்டத்தில் யார் வாசித்தாலும் முதலில் அவள் முகத்தைத்தான் பார்ப்போம். ஆறு வருடம் ஊர் ஊராக அலைந்து திரும்பிய நான் எழுதியதை, "இம்புட்டுத் தூரம் போயிட்டு வந்தும் மழையிலதான் அழுதிருக்கீக" என்று ஒரே வரியில் முடித்தாள்.

வருடத்துக்கு ஒரு தொகுப்பு போடுவோம். இந்த முறை அவளே ஒரு கதை கொண்டுவந்தாள். அவள் எழுதிய முதல் கதை. திரி வைக்கும் ஒருத்தி, மதுரை ஆஸ்பத்திரியில் அம்மா செத்தது தெரியாமல் வேலை பார்க்கிறாள். ஐந்து மணிக்குச் சேதி வருகிறது. கதை முடிகிறது.

வாசித்து முடித்து அவள் நிமிர்வதற்குள், அச்சகத்தில் மிஷின் ஓட்டும் கருப்பணன் சார்ட்டைக் காட்டினான்.

"மதினி, அஞ்சாம் நம்பரு. இதச் சொல்லித்தான என் கதையக் கிழிச்சீக?"

எல்லோரும் சிரித்தோம்.

"இது நடந்ததுய்யா" என்றாள். "சித்திரையில, எங்க ஆத்தாவுக்கு."

அம்மா இறந்தது எங்களுக்குத் தெரியும். இது தெரியாது. காலையில் போனை அணைத்துக் கம்பெனி கேட்டில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தம்பி பத்து மணியிலிருந்து கூப்பிட்டிருக்கிறான். மூன்று மணிக்கு உயிர் போகும்வரை அம்மா இவள் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

வட்டத்தை நடத்தும் ஜெனிட்டா டீச்சர் பேனாவை எடுத்தார். "அப்ப அந்த விதிய அடிச்சிருவோம்."

"வேண்டாம் டீச்சர். நடந்துச்சுன்னா கதை நல்லாயிருமா? சேதிய ஒளிச்சு வச்சுக் கடைசியில தூக்கிப் போட்டிருக்கேன். இவன் செஞ்சதத்தான் நானும் செஞ்சிருக்கேன்." சார்ட்டைப் பார்த்தாள். "தெனமும் கேட்டுல போனக் குடுத்துட்டுப் போறவ நான். எல்லார் கையிலயும் இருக்குன்னு எப்படி எழுதுனேன்னு தெரியல."

எனக்குப் பொறுக்கவில்லை. "மதியமே அவ எந்திரிச்சு வெளிய வந்துட்டான்னு வைங்களேன்" என்றேன்.

"எதுக்கு வருவா? அவளுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே."

தாளை மடித்து எடுத்துப் போனாள். அச்சுக்குப் போக ஒரு வாரமே இருந்தது.

அடுத்த ஞாயிறு மறுபடி வாசித்தாள். 'பத்து மணிக்கு அம்மா அவளைக் கேட்டாள்' என்று தொடங்கியது. போன் பெட்டிக்குள் கிடக்கிறது. அவள் திரி வைக்கிறாள். பதினோரு மணிக்கு அறையில் ஒருத்தி மாமியாரைப் போல நடித்துக் காட்ட, அவளும் சிரிக்கிறாள். மதியம் புளிச்சோறு. உப்பு குறைவு. அம்மா மறுபடி கேட்கிறாள். மூன்று மணி ஆகிறது. அவள் அடுத்த கட்டு வெடியை எடுக்கிறாள். எங்களுக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை. கதையில் இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. கருப்பணன் எழுந்து வாசல்வரை போனான். வெளியே போகாமல் அங்கேயே நின்றான். சண்முகத்தாய் ஒரே வேகத்தில் வாசித்தாள்.

முடிந்ததும், "யாராச்சும் உள்ள போயிச் சொல்லியிருக்கலாம்ல மதினி" என்றான்.

"நீதான் வாசல்லயே நின்ன. சொல்ல வேண்டியதுதான?"

யாரும் சிரிக்கவில்லை. ஜெனிட்டா டீச்சர் அதை முதல் கதையாக வைத்தார். சண்முகத்தாய் நாற்காலியில் ஏறி, ஐந்தாம் விதியை விட்டுவிட்டுப் பக்கத்துக் குறிப்பை மட்டும் அடித்தாள்.

மறுநாள் காலை அச்சகத்திலிருந்து கேட்டார்கள், அவள் பெயரோடு ஊர்ப்பெயரும் போட வேண்டுமா என்று. ஒன்பது மணிக்கு அவளை அழைத்தேன். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.