துரியோதனன் எங்கள் வீட்டில் இடம் கேட்ட நாள்

நான் ஐந்தாம் வகுப்பு முழுஆண்டுத் தேர்வு எழுதி முடித்த விடுமுறையில்தான் எங்கள் மலையூரில் அந்தப் படுகளம் நடந்தது. பங்குனியா சித்திரையா என்பதில் எங்கள் வீட்டில் இன்றும் இரண்டு கட்சி. புளி உலுக்கி முடித்து, ஜமுனாமரத்தூர் சந்தைக்கு மூட்டைகள் போய்க்கொண்டிருந்தன என்பதால் நான் பங்குனிக் கட்சி.

பாரதக் கூத்தின் கடைசி ஆட்டமான படுகளம் பகலில் நடக்கும். திடலில் மண்ணால் துரியோதனனைப் பெரிதாகப் படுக்கவைத்திருப்பார்கள். எங்கள் ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு. வேஷம் கட்டிய துரியோதனன் பீமனுக்குப் பயந்து கூட்டத்துக்குள் ஓடிவந்து, ஒவ்வொரு குடும்பத்திடமும் ஒளிந்துகொள்ள இடம் கேட்பான். இல்லை என்று சொல்லி விரட்ட வேண்டும். எல்லோரும் விரட்டிய பிறகு பீமன் அவன் தொடையில் அடித்து வீழ்த்துவான்.

அந்த வருஷம் துரியோதனன், என் அத்தை.

எங்கள் பக்கம் பாஞ்சாலி வேஷத்தைக்கூட ஆண்தான் கட்டுவார். அப்பாவின் தங்கையோ, வாழ்க்கைப்பட்ட சந்தவாசல் பக்கத்தில் ஒரு கூத்து ஜமாவில் சேர்ந்து, பின்பாட்டில் தொடங்கி ராஜ வேஷம் வரைக்கும் வந்துவிட்டிருந்தார்.

சேதி வந்த அன்று அப்பா சோற்றில் கை வைத்தபடியே சொன்னார். “ஊரே பாக்க எவனோ தொடையில அடிப்பானாம், இவ வுழுவாளாம். எனக்குக் கூடப் பொறந்தவளே இல்லன்னு வச்சிக்கிறேன். யாரும் அவகிட்ட பேசக் கூடாது.”

என் சிநேகிதிகள் அத்தையின் ஆட்டத்தை ஏற்கெனவே போனில் பார்த்திருந்தார்கள். “இன்னாடி, மீசை வச்ச அத்தைய மாமான்னு கூப்புடுவியா?” என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவைத்தேன்.

ஜமாவோடு வேனில் வந்த அத்தை கோயில் பக்கமே தங்கிவிட்டார். தன் அண்ணனே வந்து கூப்பிட்டால் வீட்டுக்கு வருவதாக அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா போகவில்லை. ஆனால் படுகளத்துக்கு வந்தார். எங்களோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

அத்தை கிரீடமும் புஜக்கட்டையுமாக மூச்சிரைக்க ஓடிவந்து அப்பாவின் எதிரில் மண்டியிட்டார். “ஐயா, ஒளிஞ்சிக்க உங்க வூட்ல ஒரு எடம் இருக்குதுங்களா?”

அப்பா தரையைப் பார்த்தார். கூட்டம் அப்பாவைப் பார்த்தது. சிநேகிதிகள் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. நான் எழுந்து கத்தினேன்.

“எங்க வூட்ல எடமில்ல, போ!”

விசில் பறந்தது. “பொண்ணு இன்னா போடு போடுது பாரு!” என்றது ஒரு குரல். அந்த ஊரில் ஒரு வாரத்துக்குப் பிறகு நான் தலைநிமிர்ந்தது அப்போதுதான்.

துரியோதனன் உடனே அடுத்த குடும்பத்திடம் ஓட வேண்டும். அத்தை எழுந்திருக்கவில்லை. பீமன் கதாயுதத்தைத் தோளில் போட்டபடி காத்து நின்றான். ஆர்மோனியக்காரர் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வாசித்தார். அத்தையின் அரிதாரத்தில் வியர்வை கோடு கோடாக இறங்கியது.

ஆட்டத்தை மறந்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. ஆண் வேஷம்தான் கட்டுகிறார், அதையாவது ஒழுங்காகப் படித்துக்கொண்டு வரக் கூடாதா? மானம் இன்னொரு தடவை போவதற்குள் கிரீடத்தின் ஓரமாகக் குனிந்து கிசுகிசுத்தேன்.

“அத்த, மறந்துட்டீங்களா? அடுத்த வூட்டாண்ட போயி கேக்கணும்.”

அவர் என்னையே பார்த்தார். “ஆமாங்கண்ணு, கேக்கணும்” என்று சொல்லி எழுந்து போனார்.

பீமன் அடித்தபோது அவர் விழுந்த விழுகையைப் பற்றி ஊர் வெகுநாள் பேசியது.

வீடு திரும்பும்போது அப்பாவின் கையைப் பிடித்து நடந்தேன். “அத்தை மறந்துட்டது யாருக்குமே தெரியலப்பா” என்று ஆறுதல் சொன்னேன். அப்பா கையை உருவிக்கொண்டு, துண்டால் முகத்தை மூடித் துடைத்தபடி முன்னால் போய்விட்டார். அவருக்கு இன்னும் அத்தைமேல் கோபம் தீரவில்லை என்றுதான் நினைத்தேன்.