மாலைக்கு இரண்டு கை

எங்கள் பழைய காருக்குள் அன்று பூச்சி உருண்டை நெடி மூக்கைத் துளைத்தது. பின் இருக்கையில் எனக்குப் பக்கத்தில் சவிரிமுத்து ஐயா, பெட்டியின் அடியிலிருந்து எடுத்த கறுப்புக் கோட்டும் நெஞ்சில் இரண்டு பதக்கங்களுமாக, தும்மக்கூட மறுத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியேறிய பியர்பொன்ட்ஸில் நான் நான்காம் வகுப்புப் படித்த காலம் அது. நவம்பர் வந்தால் எங்கள் பங்குத் தேவாலயத்து வெள்ளைக்காரர்கள் சிவப்புப் பூக் குத்திக்கொண்டு தங்கள் பழைய படைவீரர்களுக்கு மரியாதை செய்வார்கள். நாங்கள் பின்வரிசையில் நின்று பார்ப்போம். அந்த வருடம் அப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "எங்கடை ஆக்களும் உலகச் சண்டைக்குப் போனவை தானே" என்று தமிழருக்குள் விசாரித்தார். வெள்ளைக்காரன் படையில் இருந்தவர்கள் இரண்டே பேர் அகப்பட்டார்கள். மன்னார்ச் சவிரிமுத்து ஐயா, எகிப்துப் பாலைவனத்தில் படைக்குச் சமைத்தவர். பக்கத்து ஊரான ரொக்ஸ்பரோவில் மகள் வீட்டிலிருந்த யாழ்ப்பாணத்து ஆறுமுகம் ஐயா, திருகோணமலையில் பீரங்கிப் படையில் இருந்தவர்.

இரண்டு பேருக்கும் ஆகாது. "நான் எவ்வளவு கதைச்சாலும் மனுசன் மறுமொழி சொல்லாது. யாழ்ப்பாணத்துத் திமிர்" என்பார் சவிரிமுத்து ஐயா. மலர்மாலையை யார் சுமப்பது என்ற பேச்சு வந்ததும் அது முற்றியது. "கடல் தாண்டிப் போனவன் நான்" என்றார் இவர். "அகப்பைக்குப் பின்னாலை பீரங்கி நடக்கிறதோ?" என்று அவர் கேட்டாராம். கடைசியில் ஆளுக்கொரு பக்கம் பிடிப்பதென்று அப்பா தீர்ப்புச் சொன்னார்.

பிடித்தார்கள். ஆனால் இருவரும் தத்தம் பக்கம் இழுத்ததில், பீடத்தை அடைவதற்குள் கடதாசிப் பூக்கள் வழியெல்லாம் உதிர்ந்தன. பங்குக் குருவான சுவாமி மெல்லிய குரலில் மௌன அஞ்சலியை அறிவித்துத் தலை குனிந்தார். கோயிலே அடங்கியது.

"சுவாமி ஏன் ஒண்டும் சொல்லாமல் நிக்கிறார்?" என்று ஆறுமுகம் ஐயாவின் குரல் கணீரென்று கேட்டது. "மறந்துபோனாரோ?"

சவிரிமுத்து ஐயா பல்லைக் கடித்துக்கொண்டு, "மௌனம், ஐசே" என்றார்.

"ஆர், மோகனோ? அவன் லவாலுக்கெல்லே வீடு மாறிப் போட்டான்."

அப்பா கைலேஞ்சியால் வாயைப் பொத்தினார். அம்மாவின் தோள்கள் குலுங்கின. தமிழ் தெரியாத வெள்ளைக்காரக் கிழவர்கள் மட்டும், அது ஏதோ கீழைத்தேயப் பிரார்த்தனை என்று எண்ணி, இன்னும் ஆழமாகத் தலை குனிந்தார்கள்.

பூசை முடிந்து கீழ் மண்டபத்தில் தேத்தண்ணீரும் ரோல்ஸும் பரிமாறினோம். சவிரிமுத்து ஐயா சண்டைக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஆறுமுகம் ஐயாவின் காதுக்குள் குனிந்து, "ஐசே, உமக்குக் காது எப்ப போனது?" என்று உரக்கக் கேட்டார்.

"சப்பான்காரன் திருகோணமலையிலை குண்டு போட்ட அண்டு" என்றார் அவர், ரோல்ஸைப் பார்த்தபடி. "பீரங்கிக்குப் பக்கத்திலை நிண்டனான். பேந்து இடது பக்கம் ஒண்டுமில்லை. இப்ப வலதும் மட்டுமட்டு. எனக்கு அங்காலை நிண்ட பெடியன் எழும்பவேயில்லை. அவனுக்கு ஆர் மாலை வைச்சது?"

சவிரிமுத்து ஐயா கோப்பையைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, அவருடைய வலது பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். "அப்ப நான் இவ்வளவு காலமும் சொன்னது ஒண்டும் உமக்குக் கேக்கேல்லை" என்றவர், எகிப்துக்குக் கப்பலேறிய நாளிலிருந்து முழுக்கதையையும் மறுபடி தொடங்கினார். ஆட்கள் கதிரைகளை அடுக்கி முடித்தும் கதை எகிப்தை அடையவில்லை.

இருவரும் போய்ச் சேர்ந்து நெடுங்காலமாகிறது. இப்போது மாலையைச் சுமப்பவர் நிர்வாகக் குழுத் தலைவர். ஒரு பூவும் உதிர்வதில்லை. மௌன அஞ்சலியை அவருடைய கைத்தொலைபேசி மணியடித்துத் தொடங்கி, மணியடித்து முடித்துவைக்கிறது. இடையில் யாரும் மூச்சு விடுவதில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு வந்துவிடுகிறது; கூடவே கண்ணும் கலங்குகிறது. பக்கத்தில் நிற்கும் என் மகள் முழங்கையால் இடித்து, "அம்மா, ஷ்ஷ்" என்கிறாள்.