கோப்பையை ஆட்டுகிறவர்

தேநீர் முடிந்ததும் இரகுநாதன் வெறுங்கோப்பையை இரண்டு விரலால் பிடித்து, இடமும் வலமுமாக ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் கீழே வைப்பார். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில் இதைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. பதுளையில் ஒரு கடைக்காரர், ஈ விழுந்துவிட்டதாக்கும் என்று பதறி வேறு தேநீர் ஊற்றிக் கொடுத்தார். மனிதர் அதையும் குடித்துவிட்டு ஆட்டினார்.

ஏழு வருடம் அரபு நாட்டுப் பாலைவனத்தில் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டிய கை அது. எண்ணெய்க் கிணறு தோண்டும் முகாமுக்குப் போகிற வழியில் ஒரு கிராமம். பதினாறு வீடு, ஒரு பள்ளிவாசல், அப்புறம் மணல்தான். முதல் நாளே ஒட்டகம் வளர்க்கும் ஸாலிம் இவரை உட்காரவைத்துக் கோப்பி ஊற்றினார். கொடுத்ததை மறுப்பது நம் தோட்டங்களில் மரியாதை இல்லையே! இவர் குடிக்க, அவர் ஊற்ற, இவர் மறுபடி குடிக்க...

"பதினொரு கோப்பைங்க! போதும்னா ஆட்டிக் காட்டணுமாம், இல்லாட்டி ஊத்திக்கிட்டே இருப்பாங்களாம். நமக்கு எப்புடித் தெரியும்? ரெண்டு நாளு கண்ண மூடல."

கிணற்றில் எண்ணெய் வந்தது. கிராமத்துக்குத் தார் ரோட்டும் மின்சாரமும் வந்தன. ஒட்டகம் மேய்ந்த இடத்தில் கம்பிவேலியும் வந்தது. ஸாலிம் இப்போது அந்த வேலிக்குக் காவல்காரர். இதைச் சொல்லும்போது மட்டும் இரகுநாதனுக்குச் சிரிப்பு வராது.

"அவரு நெலத்துக்கே அவரு காவலுங்க. பாவம், நம்மளாட்டந்தான்."

அங்கே இரண்டாவது கிணறு தோண்டப் போகிறார்களாம். பழைய டிரைவர் வேண்டும், இரண்டு வருடம், இன்றைக்குள் பதில் வேண்டும் என்று கம்பனியிலிருந்து சொல்லியிருக்கிறார்கள். போன தடவை அவர் புறப்பட்டபோது மகள் ஆர்த்திகா தவழ்ந்துகொண்டிருந்தாள். முதல் லீவில் வந்து நின்றவரை "மாமா" என்று கூப்பிட்டாள். மனைவி லீலாதேவிக்கு அது இன்னும் ஆறவில்லை. ஆனாலும் போகாதீர்கள் என்று வாய்விட்டுச் சொல்கிற ரகம் இல்லை அவள்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் பேர் கொடுக்கக் கிளம்புமுன், கொழுந்துக் கூடையோடு வந்து தேநீரை நீட்டினாள்.

"கம்பனிக்கு என்னா சொல்லப் போறீங்க?"

"குடிச்சிட்டுச் சொல்றேன்."

அவள் வாசலில் நின்று அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பெரட்டு மணி அடித்தது. அவள் அசையவில்லை. கடைசி மடக்கும் உள்ளே போனது.

இரகுநாதன் கோப்பையை ஆட்டாமல், இன்னும் ஊற்று என்பதுபோல் அப்படியே அவளிடம் நீட்டினார்.