மலை ஏறாத வீடு

டீசல் இஞ்சின் பார்க்கிறவனுக்கு எண்ணெயும் கரியும் பழகிவிடும். வண்டிக்குள்ளேயே குடியிருக்கும் குடும்பம் பழகாது. உங்கள் பட்டறைக்கும் அப்படி ஒன்று வந்திருந்தால் என் பாடு புரியும்.

செருப்பு

முனியாண்டி லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஈப்போவில் இருந்த வீட்டை விற்று, கட்டிலும் அடுப்பும் வைத்த பழைய டீசல் வேன் வாங்கி, மனைவி சரோஜாவோடு அதிலேயே குடியிருந்தார். சமதரையில் நன்றாக ஓடும் வண்டி, கேமரன் மலை ஏற்றத்தில் மட்டும் இழுக்காமல் கரும்புகை கக்கியது.

இஞ்சின் மூடி முன் இருக்கைகளுக்கு நடுவில் இருந்தது. ஸ்பேனரோடு உள்ளே ஏறினேன். சரோஜா வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு என் காலையே பார்த்தார். இறங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினேன். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் இதே கதை.

டீசல் ஃபில்டரை மாற்றினேன். டர்போ குழாய்களில் கசிவு இல்லை. காற்று ஃபில்டரும் சுத்தம். சரோஜா சொன்னார்: "அண்ணே, ஞாயித்துக்கெழமைக்குள்ள இது மலை ஏறணும். இல்லன்னா நான் சுங்கை சிப்புட்டுல தம்பி வீட்டுக்கே போயிருவேன். அங்கயாவது நிமிந்து நின்னு குளிக்கலாம்லா."

அம்மிக்கல்

பாரம் அதிகமோ என்று எல்லாவற்றையும் இறக்கச் சொன்னேன். அம்மி, குழவி, துணி துவைக்கிற கல், மூன்று துளசித் தொட்டிகள். எல்லாம் பட்டறை வாசலுக்கு வந்தன. நடுவில் நாற்காலி போட்டு சரோஜா உட்கார்ந்துகொண்டார். பக்கத்துச் சாப்பாட்டுக்கடை காதர் பாய் எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு பொட்டலம் சோற்றோடு ஓடி வந்தார்.

"வீட்ட விட்டு எறக்கிட்டாங்களா அக்கா? பாவம்லா, மொதல்ல சாப்பிடுங்க."

மூஞ்சி

பாரம் இறக்கியும் வண்டி ஏறவில்லை. கரும்புகை என்றால் இஞ்சினுக்குக் காற்று போதவில்லை. காற்று இழுக்கும் குழாய், வண்டியின் பக்கவாட்டில் கூரை வரை போனது. அதன் வாயைத்தான் நான் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அங்கே கொடி கட்டி சரோஜா உள்ளாடைகளைக் காயப் போட்டிருந்தார். நான் தலையைக் குனிந்தே வேலை பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. கேமரன் மலைக்குப் போகும் சிம்பாங் பூலாய் ஏற்றத்தில் ஒரு வளைவில் நின்றுகொண்டு, வண்டியை ஏறி வரச் சொன்னேன். சரோஜா மடியில் துணிப்பை தயாராக இருந்தது. அன்று கொடியில் துணி இல்லை. குழாயின் வாயில் கோரைப்பல்லும் நீட்டிய நாக்குமாக ஒரு பிளாஸ்டிக் திருஷ்டி மூஞ்சி அப்பியிருந்தது. இஞ்சினை நிறுத்தியதும் விடுபட்டுக் கயிற்றில் ஆடியது. சமதரையில் சும்மா தொங்கும். ஏற்றத்தில் இஞ்சின் பலமாக மூச்சு இழுத்தால் போய் வாயை அடைத்துக்கொள்ளும்.

"யாரும்மா மாட்டினது?"

"நான்தான். வீடுன்னா கண்ணு படாதா? கதவுல மாட்டினா கதவு சாத்த முடியலண்ணே, அதான் ஒசரத்துல."

உச்சியில்

மூஞ்சியைக் கழற்றினேன். வண்டி புகையில்லாமல் ஏறியது. நான் வெறுங்காலோடு உள்ளே உட்கார்ந்து வந்தேன். மேலே போனதும் சரோஜா துணிப்பையைப் பிரித்துப் புடவைகளைத் திரும்ப அடுக்கிவிட்டு, தம்பிக்குப் போன் போட்டார்: "நான் வரலடா. நீ புள்ளைங்கள கூட்டிக்கிட்டு இங்க வந்திரு. வீடு நல்லா ஏறுது."

முனியாண்டி என்னைத் தேயிலைச் செடி ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"அண்ணே, அந்த மூஞ்சிய எங்க வச்சீங்க? திருப்பி மாட்டிருங்களேன்."

ஒரு இஞ்சினுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று எனக்குத் தெரியும்; ஒரு வேன் எத்தனை மச்சினனைத் தாங்கும் என்று அளக்க என் பட்டறையில் கருவி இல்லை.