மங்கலாக விழுந்த படம்

அந்த மருத்துவமனையில் இதயத்தை ஸ்கேன் செய்கிறவளுக்கு ‘மின்னல்’ என்று பேர் வைத்திருந்தார்கள். மற்றவர்கள் ஒருவரைப் பார்த்து முடிப்பதற்குள் அவள் இரண்டு பேரை எழுப்பி அனுப்பிவிடுவாள். பெஞ்சில் கூட்டம் சேர்ந்தால் நர்சுகள் அவளைத்தான் தேடுவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. வீட்டுக்காரர் காய் நறுக்க நேரமாக்கினால், “இந்நேரத்துக்கு நான் ஒரு இதயத்தையே பாத்து முடிச்சிருப்பேன்” என்பாள்.

அந்த லிஃப்ட் மெக்கானிக் வந்தது அப்படியொரு நெரிசலான காலையில்தான். பழைய மாரடைப்பில் அவர் இதயம் தளர்ந்து, இடப்பக்கமும் வலப்பக்கமும் ஆளுக்கொரு தாளத்தில் துடித்தன. இரண்டையும் சேர்ந்து துடிக்கவைக்க, தோலுக்கடியில் பேஸ்மேக்கர் வைக்க டாக்டர் முடிவு செய்திருந்தார். அதன் ஒயர் இடப்பக்கச் சுவரில் எங்கே தொட வேண்டும் என்று பார்க்கத்தான் இந்தப் படம். கடைசியாகச் சுருங்கும் இடத்தில் தொட வேண்டும்; செத்துத் தழும்பாகிப்போன தசையில் தொட்டால் பிரயோசனமில்லை.

“இடதுபக்கமா ஒருக்களிச்சுப் படுங்க ஐயா. மூச்சை அடக்குங்க.”

“அடக்கத்தான்மா பாக்கறேன், அது என்னை அடக்குது” என்றார் அவர். “ஊரையே மேல ஏத்தி இறக்கினவன் நான். இப்ப என் வீட்டு மாடி ஏற முடியல.”

அவள் சிரித்துக்கொண்டே கருவியை நகர்த்தினாள். வெளிப்பக்கச் சுவர் மங்கலாகவே விழுந்தது. அவரை உட்காரவைத்து, இளைப்பு தணிந்ததும் மறுபடி எடுத்திருக்கலாம். யாரோ கதவைத் தட்டினார்கள். அந்த மங்கல் இடத்தையே கடைசியாகச் சுருங்கும் இடம் என்று கம்ப்யூட்டர் நிறம் போட்டுக் காட்டியது. அப்படியே எழுதி அனுப்பிவிட்டாள். ஒயரும் அங்கேயே போய் உட்கார்ந்தது.

சில மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தவர், “முன்னைக்கு இப்ப தேவலை சார்” என்று டாக்டரிடம் சொன்னார். அவளுக்கும் கேட்டது. ஆனால் வராந்தாவில் பார்த்தால், பெஞ்சில் சாய்ந்து வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மனைவி தரையில் குந்தி அவருக்குச் செருப்பை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

“தேவலைன்னீங்களே ஐயா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “நீங்கள்லாம் இவ்வளவு பாடுபட்டு வெச்சிருக்கீங்க. எனக்கு மட்டும் குணமாகலைன்னு எப்படிமா சொல்றது? வெக்கமா இருக்கு. என் உடம்புதான் வெளங்காத உடம்பு.”

அவளுக்குச் சுருக்கென்றது. அறைக்குப் போய்ப் பழைய படத்தைத் திறந்து, துடிப்புத் துடிப்பாக நிறுத்திப் பார்த்தாள். அந்த இடம் பிந்திச் சுருங்கவில்லை, சுருங்கவே இல்லை. பக்கத்துத் தசை இழுத்த இழுப்புக்கு ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டத்தைத்தான் துடிப்பு என்று எழுதியிருந்தாள். அவர் படவேண்டிய வெட்கமா அது? முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். “நானும் ரிப்போர்ட்டை நம்பிட்டு இதைத் திறக்கவே இல்ல. மறுபடி எடுத்து ஒயரை மாத்திடலாம். அவங்ககிட்ட நான் பேசறேன்.”

“இல்ல டாக்டர், நானே சொல்றேன்.”

அவர்களை உட்காரவைத்து, மங்கலான படத்தை அவசரத்தில் அப்படியே எழுதி அனுப்பியது தன் தப்பு என்று சொன்னாள். மெக்கானிக் கேட்டுவிட்டு, “அப்ப என் உடம்பு மேல தப்பில்லையா?” என்றார். ஏதோ பாரம் இறங்கியவர் போல இருந்தது அவர் குரல். அவள் கூனிக் குறுகிப்போனாள்.

மனைவிதான் நிமிர்ந்து பார்த்தார். “இவர் எனக்குத் தெரியாம பாத்ரூம்ல போய் அழுதாரும்மா. உங்களுக்கு அப்படி என்ன அவசரம்?”



மறு ஸ்கேனை வேறொருவர் எடுத்தார். மனைவி அப்படித்தான் கேட்டிருந்தார். ஒயர் வேறொரு ரத்தக்குழாய் வழியாக, உயிருள்ள தசைக்கு மாறியது. மெல்ல மெல்ல அவருக்கு மூச்சு சீரானது. நடுவில் ஒருமுறை நின்று மாடி ஏறினார், செருப்பைத் தானே மாட்டிக்கொண்டார்.

இப்போதும் பரிசோதனைக்கு வரும்போது அவளைக் கண்டால் அவர் கையை உயர்த்துவார். மனைவி அவர் முழங்கையைப் பிடித்து வராந்தாவின் மறுபக்கமாகத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போவார். அதில் அவளுக்கு வருத்தமில்லை. அவர்கள் லிஃப்டுக்குள் போகும்வரை சுவரோரமாக ஒதுங்கி நிற்பாள்.